கோடு போட்ட இடத்தில் மட்டும் கொப்புளம்: செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் ஒரு மருதாணி ஒவ்வாமை

24 வயதுப் பெண். காரைக்குடியிலிருந்து சற்று உள்ளே தள்ளிய நகரத்தார் ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. திருப்பூட்டு என்னும் தாலி கட்டும் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் காலை, மாமியாரும் ஆயாவும் (பாட்டி) இருபுறமும் பிடித்துக்கொள்ள என் சிகிச்சையகத்துக்கு வந்தார். இரண்டு கைகளும் முழங்கைவரை வீங்கியிருந்தன. புறங்கையிலும் முன்கையிலும் நீர் கோத்த கொப்புளங்கள். சில உடைந்து, கசிந்த மஞ்சள் நீர் புடவைத் தலைப்பில் ஒட்டிக் காய்ந்திருந்தது. மோதிரம் சதைக்குள் புதைந்துகொண்டிருந்ததால், மற்ற எதையும் கேட்பதற்கு முன்னால் நூல் சுற்றி அதைக் கழற்றினோம்.

"ராத்திரி முழுக்கத் தூங்கல டாக்டர். தீயில காட்டுன மாதிரி எரியுது" என்றார் அந்தப் பெண்.

மாமியாரின் கவலை வேறு. "அம்மை போட்டிருந்தா சொல்லிருங்க டாக்டர். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு." உறவினர் ஒருவர் கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறார். இன்னொருவர் வேப்பிலை அரைத்துப் பூசச் சொல்லியிருக்கிறார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பு ஒன்றும் போட்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். தோல் மருத்துவர்களுக்கு இது புதிய நோயல்ல. ஆனாலும் கல்யாண மாதம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இதே கைகளைப் பார்க்க நேர்கிறது. நோயை மட்டும் எழுதினால் போதாது, அந்த வீட்டில் நடந்ததை முழுதாக எழுதவேண்டும் என்று தோன்றியது.

கையில் இருந்த சான்று

காய்ச்சல் இல்லை. நெஞ்சு, முதுகு, வாய்க்குள் எங்கும் ஒரு பொரிகூட இல்லை. அம்மை பெரும்பாலும் உடலின் நடுப்பகுதியில் அதிகமாகப் போடும். இங்கே உடம்பு சுத்தமாக இருக்க, கைகள் மட்டும் எரிந்தன.

கையைக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தபோது நோயே தன்னை வரைந்து காட்டியது. முன்கை முழுக்க ஆத்தங்குடிக் கல்லில் வருகிற பூவைப் போல எட்டிதழ்ப் பூக்கள், மணிக்கட்டைச் சுற்றிக் கண்டாங்கிச் சேலையின் கட்டம். வரைந்த பெண்ணின் கை மிக நேர்த்தியான கை. இதை மனம் திறந்து சொல்லத்தான் வேண்டும். பூவின் வெளிக்கோடுகள் கறுப்பு, உள்ளே நிரப்பியது செம்பழுப்பு. கொப்புளங்கள் வெளிக்கோட்டின் மேல் மட்டுமே வரிசையாக எழும்பியிருந்தன. இதழின் நடுவில் இருந்த தோல் சுற்றியிருந்த வீக்கத்தால் சற்றுச் சிவந்திருந்தது. ஆனால் அதில் ஒரு கொப்புளமும் இல்லை.

உள்ளங்கையிலும் அதே கறுப்புக் கோடு ஓடியது. அங்கே அரிப்பு மட்டும்தான். உள்ளங்கைத் தோலின் மேலடுக்கு மிகத் தடிமன். புறங்கையில் எளிதாக ஊடுருவும் பொருள் அங்கே உள்ளே இறங்கச் சிரமப்படும்.

இன்னொன்றையும் கவனித்தேன். பத்து விரல் நுனிகளிலும் தொப்பி போட்டது போல ஆழ்ந்த சிவப்பு. பாதத்தின் ஓரங்களிலும் அதே சிவப்பு. அங்கெல்லாம் தோல் வழவழவென்று இருந்தது. அது யார் வைத்தது என்று கேட்டேன்.

"நான் வச்சது ஆத்தா" என்றார் ஆயா. "கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முன்னாடி வச்சேன். கொல்லையில பறிச்ச பச்சை இலை. கொட்டைப்பாக்கு, துளி புளி, ரெண்டு கிராம்பு வச்சு அம்மியில அரைச்சேன். அதுவா இப்படிப் பண்ணிருச்சு?" கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கியது. மருதாணி என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் அந்த உடம்பில் ஏறியிருந்தன. பழி மொத்தமும் அவர் தலையில் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தோடுதான் இத்தனை தூரம் வந்திருக்கிறார். அவர் வைத்த இடங்களில் ஒன்றுமே ஆகவில்லை என்பதை மாமியாருக்கும் கேட்கும்படி, விரல் விரலாகக் காட்டிச் சொன்னேன். ஒரே உடம்பில், ஒரே வாரத்தில், அரைத்த இலையும் மெஹந்திக் கோனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பரிசோதனைக்கூடத்தில் திட்டமிட்டு ஏற்பாடு செய்தால்கூட இவ்வளவு தெளிவாக அமைந்திருக்காது.

முன்பு ஒரு பட்டாம்பூச்சி

ஒவ்வாமைத் தோலழற்சி என்றால், உடம்பு அந்தப் பொருளை முன்பே ஒருமுறை சந்தித்திருக்க வேண்டும். அதனால் தலைமுடிக்குச் சாயம் போட்டதுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். உடம்பில் தற்காலிக டாட்டூ, கறுப்பு மெஹந்தி ஏதாவது? கொஞ்சம் யோசித்துவிட்டு, கல்லூரிக் காலத்தில் ஒரு பொருட்காட்சியில் தோளில் கறுப்புப் பட்டாம்பூச்சி வரைந்துகொண்டதைச் சொன்னார். பத்து நாள் கழித்து அந்தப் பட்டாம்பூச்சி வடிவத்திலேயே அரித்ததாம். வியர்வை என்று நினைத்துப் பவுடர் போட்டிருக்கிறார்.

அதுதான் முதல் சந்திப்பு. முதல் முறை பொருள் தோலில் இறங்கியதும் நோயெதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியன் என்று பதிந்துகொள்ள ஒன்றிலிருந்து இரண்டு வாரம் எடுக்கும். அதற்குள் பொருள் தோலிலேயே தங்கியிருந்தால் அந்த முதல் இடத்திலேயே அரிப்பு கிளம்பும். அடுத்த முறை இந்தத் தாமதம் இல்லை. ஒன்றிரண்டு நாளில் பொங்கிவிடும். இங்கே கல்யாணத்துக்கு முந்தின மாலை மெஹந்தி, திருப்பூட்டன்று இரவு அரிப்பு, மறுநாள் வீக்கம், மூன்றாம் நாள் விடியும்போது கொப்புளம். பாடப்புத்தகக் கணக்கு ஒரு மணிகூடப் பிசகவில்லை.

இலை என்ன செய்கிறது

மருதாணியின் தாவரப் பெயர் லாசோனியா இனர்மிஸ். வறட்சியைத் தாங்கி நிற்கும் புதர். செட்டிநாட்டுச் செம்மண்ணில் வேலியோரம் தானாகவே வளரும். இலைக்குள் இருக்கும் சாயத்துக்கு லாசோன் என்று பெயர். காய்ந்த இலையில் அது பொதுவாக நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்குதான். பச்சை இலையைக் கையில் வைத்துக் கசக்கினால் உடனே சிவக்காது. சாயம் அங்கே சர்க்கரையோடு பிணைந்து அடங்கிக் கிடக்கிறது. இலை நசுங்கி, ஈரமும் லேசான புளிப்பும் சேர்ந்த பிறகு பிணைப்பு அவிழ்ந்து லாசோன் வெளிவருகிறது. அம்மியில் வைக்கும் புளிக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் அதுதான் வேலை. ஆயாக்கள் வேதியியல் படிக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்முறையில் அவசியமான எதுவும் விட்டுப்போகவில்லை.

வெளிவந்த லாசோன் தோலின் மேலே இருக்கும் இறந்த அடுக்கில் இறங்கி, அங்கே உள்ள கெரட்டின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அதற்கு மணிக்கணக்கில் ஈரத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். ராத்திரி வைத்துக் கட்டிக்கொண்டு படுப்பது இதற்காகத்தான். காலையில் உதிர்த்தால் ஆரஞ்சுதான் தெரியும். காற்று பட்டு ஒன்றிரண்டு நாளில் அது ஆழ்ந்து செம்பழுப்பாகும். உடனே தண்ணீர் படாமல் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் நிறம் நன்றாகப் பிடிக்கும். தடித்த தோல் உள்ள உள்ளங்கையும் பாதமும் அதிகம் சிவக்கும். முன்கை எப்போதும் வெளிறித்தான் நிற்கும். பித்த உடம்பு, மாமியார் பிரியம் என்று நாம் சொல்லும் காரணங்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் தோலின் தடிமனும் வைத்திருந்த நேரமும். தோல் உரிய உரிய மூன்று வாரத்துக்குள் நிறம் போய்விடும். நகத்தில் ஏறியது மட்டும் நகம் வளர்ந்து வெட்டும்வரை மாதக்கணக்கில் இருக்கும்.

எவ்வளவு முயன்றாலும் இந்த இலை கரிக்கறுப்பைத் தராது. லாசோனின் நிறம் ஆரஞ்சில் தொடங்கி அடர்ந்த பழுப்பில் முடிகிறது. இந்த ஒரு செய்தி எல்லாக் கல்யாண வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தால் என்னிடம் வரும் கைகளில் பெரும்பகுதி வராமலே இருக்கும்.

உடம்பில் எழுதிக்கொள்வது தமிழருக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் பெண்கள் தோளிலும் மார்பிலும் சாந்தால் தொய்யில் எழுதுவது வருகிறது. காலுக்குச் செம்பஞ்சுக் குழம்பு பூசினார்கள். மருதாணியின் வரலாறு இன்னும் அகலமானது. எகிப்தின் அரசர் இரண்டாம் ராம்சேஸின் பதப்படுத்தப்பட்ட உடலில் தலைமுடிக்கு மருதாணிச் சாயம் ஏற்றியிருந்தது தெரியவந்திருக்கிறது. 2024 டிசம்பரில் 16 அரபு நாடுகள் சேர்ந்து முன்வைத்த மருதாணி மரபை யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் இலை பெருமளவில் விளையும் ராஜஸ்தானின் சோஜத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நம் ஊர் முறையில் கோடே இல்லை. உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், சுற்றிப் பொட்டுகள், விரலுக்குத் தொப்பி. ஆடி மாதம் பிறந்தால் தெருப்பிள்ளைகள் கை முழுக்க அதுதான். மெல்லிய கோடு வரையும் கோன் வடக்கிலிருந்து வந்தது. அதோடு மெஹந்தி விழா என்ற தனிச் சடங்கும் வந்தது. வந்ததில் எனக்குக் குறையொன்றும் இல்லை. கண்ணுக்கு அழகான கலை அது. ஆனால் வரும் வழியில், அந்த ஒரு ராத்திரி காத்திருப்பை மட்டும் எங்கோ விட்டுவிட்டு வந்தது.

கறுப்பின் உள்ளே இருந்தது

ஒரு மணி நேரத்தில் கறுப்பு வேண்டுமென்றால் கோனில் இலை போதாது. பாரா-ஃபினைலீன்டையமின் கலக்கிறார்கள். சுருக்கமாகப் பி.பி.டி. என்போம். தலைமுடிக் கறுப்புச் சாயங்களின் உயிர்ப்பொருள் இதுதான். இது மிகச் சிறிய மூலக்கூறு. தோலுக்குள் எளிதில் இறங்கும். காற்றுப் பட்டவுடன் கறுத்துவிடும். அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் தலைச்சாயத்தில் இதற்கு வைத்திருக்கும் உச்ச அளவு, கலந்து தலையில் பூசும் நிலையில், 2 சதவீதம். கறுப்பு மெஹந்தி மாதிரிகள் சிலவற்றில் 15 சதவீதத்துக்கும் மேல் இருந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தலையில் போடும் சாயம் அரை மணி நேரத்தில் கழுவப்படுகிறது. கோனில் இருப்பதோ மணிக்கணக்கில் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. சூடானில் மருதாணியோடு பி.பி.டி. கலந்து பூசும் வழக்கத்தால் நேர்ந்த கடும் பாதிப்புகள் மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தவை.

நம் நாட்டுச் சட்டப்படி பி.பி.டி. உள்ள தலைச்சாயப் பொட்டலத்தில் எச்சரிக்கை அச்சிட வேண்டும்: தோல் எரிச்சல் வரலாம், முதலில் சிறிது தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் போடக்கூடாது, பார்வை போகலாம். பொட்டலத்தைப் பிரித்துக் கோனுக்குள் கொட்டிவிட்டால் அந்த எச்சரிக்கை குப்பைக்குப் போய்விடுகிறது. கை நீட்டுகிற மணப்பெண்ணுக்கு அது தெரியவே வாய்ப்பில்லை.

சிகிச்சையில் சொல்ல அதிகம் இல்லை. வேப்பிலையும் கடைக் களிம்பும் நிறுத்தம். குளிர்ந்த உப்புநீர்த் துணி ஒத்தடம், வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, அளவு குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திய பிரெட்னிசலோன் மாத்திரை, அரிப்புக்கு மருந்து. வளையல்களை எடுக்கச் சொன்னபோது மாமியார் தயங்கினார். புதுப்பெண்ணின் கை வெறுங்கையாக இருக்கக்கூடாது என்பது அவர் மனம். ஒரு மஞ்சள் நூலாவது கட்டட்டுமா என்று கேட்டார். கையில் வேண்டாம், கழுத்தில் இருப்பதே போதும் என்றேன். ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்தில் கொப்புளம் காய்ந்தது. கோடுகள் மட்டும் சாம்பல் கலந்த பழுப்பாக, பூவும் கட்டமுமாக, பல மாதம் நின்றன. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

கோன் பிடித்த விரல்கள்

மெஹந்தி போட்ட பெண்ணைத் திட்டவேண்டும் என்றுதான் இரு வீட்டாரும் கொதித்தார்கள். எனக்கு அவரைப் பார்க்கவேண்டியிருந்தது, காரணம் வேறு. மணப்பெண்ணுக்கு அந்தப் பொருள் ஒரு மாலை பட்டது. அதைக் கலக்கி, பிழிந்து, வழிந்ததைத் துடைக்கும் கைக்கு வாரம் முழுக்கப் படுகிறதே!

மணப்பெண்ணே அவரிடம் பேசி அனுப்பிவைத்தார். இருபத்தைந்தைத் தாண்டாத பெண். வலது கைக் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனிகளும் வெடித்து, தடித்து, ரத்தம் கட்டியிருந்தன. பாத்திரம் விளக்கும் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வருடக்கணக்கில் வாசலின் தடவி வந்திருக்கிறார். சோப்பு என்றால் இரண்டு கையும் கெடும். கோன் பிடிக்கும் மூன்று விரல் மட்டும் கெட்டிருந்தது.

கோனில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒளிக்கவில்லை. "வெளிக்கோட்டுக் கோன்ல மட்டும் டை பாக்கெட் கலப்பேன் மேடம். கிளாஸ்ல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க." பிறகு அவரே சொன்னார்: "எட்டு மணிக்குப் போட்டோக்காரர் வந்துருவாரு. என்னை ஆறு மணிக்குத்தான் கூப்புடுவாங்க. ரெண்டு மணி நேரத்துல கறுப்பாத் தெரியணும். ஆரஞ்சா இருந்தா 'இந்தப் பிள்ளைக்குப் போடத் தெரியல'ன்னு அடுத்த வீட்டுக்குச் சொல்லிருவாங்க. நான் என்ன மேடம் பண்றது?"

இந்த நிகழ்வின் வேர் அந்தப் பதிலில் இருக்கிறது என்று உறுதியாக நினைக்கிறேன். நகரத்தார் கல்யாணத்தில் எதற்கும் நேரம் ஒதுக்காமல் விடுவதில்லை. வீட்டின் முகப்பிலும் பட்டாலையிலும் சாமான் பரப்ப நேரம் உண்டு. இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுத நேரம் உண்டு. மணப்பெண்ணின் தாலியான கழுத்துருவைக் கோக்க நல்ல நாள் பார்த்துத் தனியாக உட்காருவார்கள். மருதாணிக்கு மட்டும் விளக்கு வைக்கும் நேரத்துக்கும் படம் எடுக்கும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் இலையின் வேலை நடக்காது. சாயப் பொட்டலத்தின் வேலைதான் நடக்கும்.

ஒட்டுப் பரிசோதனை

மாத்திரையும் களிம்பும் நிறுத்தி, தோல் அமைதியான பிறகு இருவருக்கும் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்தோம். வாசலினில் 1 சதவீதம் கலந்த பி.பி.டி. தோலில் ஒட்டும் ஒரு சிறு கிண்ணத்தில்; ஆயாவின் கொல்லை இலையை அரைத்தது ஒன்றில். இரண்டு நாள் ஒட்டிவைத்து எடுத்துப் பார்த்தோம், நான்காம் நாள் மறுபடி பார்த்தோம். மீதமிருந்த கறுப்புக் கோனை வேண்டுமென்றே வைக்கவில்லை. அளவு தெரியாத பொருளை ஒரு முறை சுட்டுக்கொண்ட உடம்பில் வைப்பது சரியல்ல.

இருவருக்கும் பி.பி.டி. வைத்த இடம் தடித்துச் சிவந்தது. மணப்பெண்ணுக்கு நான்காம் நாள் சிறு கொப்புளமே வந்தது. இலை வைத்த இடத்தில் இருவருக்கும் ஆரஞ்சுக் கறை மட்டும்.

இந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் தங்குவது. தலை நரைக்கும் வயதில் சாதாரணச் சாயம் இவர்களுக்கு ஆகாது. முகமும் கண்ணிமையும் வீங்கும். பொருள் அமைப்பில் இதையொத்த பென்சோகெயின் போன்ற மரப்பு மருந்துகள், சல்ஃபா வகை மருந்துகள், கறுப்பு ரப்பர், அடர்நிறச் செயற்கைத் துணிச் சாயங்கள் சிலவும் சிலருக்குத் தொல்லை தரலாம். பல் மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் காட்டும்படி இருவருக்கும் அட்டை எழுதிக் கொடுத்தேன். மணப்பெண் தன் நரையை மருதாணியாலேயே சிவப்பாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். கலப்படமில்லாத இலைத்தூள் என்றால் தாராளமாக. "கறுப்பு ஹென்னா" என்று அச்சிட்ட பொட்டலங்களில் பலவற்றில் இதே பி.பி.டி. உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பிறகு நடந்தவை

மெஹந்திப் பெண் தொழிலை விடவில்லை. விடச் சொல்லவும் இல்லை. டை கலப்பதை நிறுத்தினார். சலித்த இலைத்தூள், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சர்க்கரை, சில துளி நீலகிரித் தைலம் சேர்த்துக் குழைத்து, மூடி வைத்து, சாயம் இறங்கிய பிறகு கோன் கட்டுகிறார். சர்க்கரை பசையைக் காயவிடாமல் பிடிக்கும். நீலகிரித் தைலம் நிறத்தை ஆழமாக்கும். இந்தக் கோன் வெளியில் வைத்தால் சில நாளில் வலுவிழக்கும், உறைபெட்டியில்தான் வைக்கவேண்டும். கடையில் மாதக்கணக்கில் தொங்கும் கோனைச் சந்தேகிக்க இது ஒன்றே போதும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக அழைத்தால்தான் வருவேன் என்கிறார். இலையின் நிறம் திருப்பூட்டன்று உச்சத்தில் இருப்பதற்கும் அதுவே சரியான கணக்கு. சில வீடுகள் கைவிட்டுப் போயின. சில வீடுகள் ஒத்துக்கொண்டன. விரல் வெடிப்பு ஆறிவிட்டது.

ஆயா அடுத்த முறை வந்தபோது வேறொன்று கேட்டார். "பேரன் பேத்தி பொறந்தா காலுல வைக்கலாமா ஆத்தா? உடம்புச் சூடு எறங்கும்னு நாங்கள்லாம் வச்சிருக்கோம்." பச்சிளம் குழந்தைக்கு வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். இங்கே சுத்தமான இலையே சிக்கல். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு லாசோன் தோல்வழி உள்ளே போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். கடும் மஞ்சள் காமாலையும் ரத்தச்சோகையும் வரும். உயிரிழப்புகளும் பதிவாகியுள்ளன. பார்வைக்கு அந்தக் குறை தெரியாது. அவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, வளைகாப்பில் தாய்க்கு மட்டும் வைக்கலாமா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அந்தக் குறை தாய்க்கு இல்லையென்றால் வைக்கலாம்.

இன்னும் முடியாத ஒரு விஷயம் உண்டு. அன்று மாலை அதே கறுப்புக் கோனால், பக்கத்தில் உட்கார்ந்து அடம்பிடித்த ஏழு வயது உறவுக்காரச் சிறுமியின் கையிலும் ஒரு சின்ன மயில் வரைந்திருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே வீட்டில் யாரும் சொல்லவில்லை. மணப்பெண்ணின் கைபேசியில் இருந்த படத்தில்தான் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு, உடம்பு பதிந்துகொள்ளவில்லை என்று பொருளல்ல. இப்போது ஒட்டுப் பரிசோதனை செய்ய எனக்கு விருப்பமில்லை. அறிகுறியே இல்லாத குழந்தைக்கு அந்தச் சோதனையே முதல் சந்திப்பாகிவிடும் சிறு அபாயம் உண்டு. அவளுடைய அம்மாவை வரவழைத்துப் பேசினேன். மறுபடி கறுப்புக் கோன் வேண்டாம். பெரியவளாகித் தலைக்குச் சாயம் போட நினைக்கும்போது முதலில் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்று ஏழு வயது. அந்த நாள் வர இருபது, முப்பது வருடம் ஆகலாம். அதுவரை அந்தக் குடும்பம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக, தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன்.